சகலை வீட்டு மணி பிளான்ட்டுக்கு நான் பார்த்த விவசாயம்

பொறாமைக்கு நாகரிகமான பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆதங்கம் என்பார்கள், ஆரோக்கியமான போட்டி என்பார்கள். எனக்கு இருந்தது சுத்தமான வயிற்றெரிச்சல். அதுவும் ஒரு கொடியின் மேல்.

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, தஞ்சாவூரில் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர். வரப்பில் நடக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வார். அவர் வீட்டு ஹாலில், சோபாவுக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து கிளம்பிய மணி பிளான்ட் சுவரேறி, டிவிக்கு மேலே சுற்றி, சமையலறை வாசல்வரை போயிருந்தது. நானோ பூதலூர் பக்கம் ஆறு ஏக்கர் நெல் போடுகிறவன். என் நடவைப் பார்க்க மாமியார் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் நான் அனுப்பிய அரிசியில் வடித்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, "பெரிய மாப்பிள்ளைக்கு என்னா கைராசி பாருங்க" என்று என்னிடமே சொன்னார். அன்று நான் ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் கை கழுவ எழுந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சகலை, மாமியாரையும் சேர்த்துக் குடும்பத்தோடு பன்னிரண்டு நாள் வடநாட்டுச் சுற்றுலா கிளம்பினார். வீட்டுச் சாவி என்னிடம் வந்தது.

"வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க சகலை, போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

மதகைத் திறந்து பாய்ச்சுகிறவனிடம் ஒரு டம்ளர் கணக்கு சொல்கிறார். அவர்கள் திரும்புவதற்குள் கொடியை வாசல் தாண்டி வளர்த்துவிட வேண்டும், மாமியார் வாயால் "சின்ன மாப்பிள்ளை கை" என்று சொல்லவைக்க வேண்டும் என்று பஸ் ஏறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் ஒரு வாளி ஊற்றினேன். தொட்டியின் அடி ஓட்டை வழியாக எல்லாம் டைல்ஸில் ஓடியது. வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் போனால் களிமண் உருட்டி அடைப்போம். இங்கேயும் பழக்கதோஷத்தில் கை தானாக அடைத்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். (களிமண்ணுக்காகப் பூதலூர் வரை போய்வந்தேன் என்பதே உண்மை.) அடைத்தபின் தண்ணீர் நடவு வயல் மாதிரி அழகாக நின்றது. மேலுரமாக இரண்டு கை யூரியாவும் போட்டேன். நெல்லுக்குப் போட்டால் நாலாம் நாள் பயிர் கரும்பச்சையாகிவிடும்.

நாலாம் நாள் கொடி மஞ்சளாகியிருந்தது. தழைச்சத்து போதவில்லை என்று இன்னொரு கை போட்டேன். எட்டாம் நாள் கதவைத் திறந்ததும் நாற்றம். தொட்டுப் பார்த்தால் அடித்தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. டிவிமேல் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி, டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். (சிரிக்காதீர்கள். பதினேழு இலை.)

திரும்பி வந்தவர்களில் மாமியார்தான் முதலில் பார்த்தார். இலையைத் தொட்டார், டேப்போடு கையில் வந்தது. சகலை தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார்.

"அடியில மண்ணு வச்சு அடைச்சது யாரு சகலை?"

"தண்ணி வீணாப் போச்சுங்க."

"யூரியா போட்டீங்களா?"

"கொஞ்சம்."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மனிதர் கத்தரிக்கோல் எடுத்துவந்து, சமையலறை வாசலில் பச்சையாக மிஞ்சியிருந்த நுனியைக் கணுக்கணுவாக நறுக்கி, பாட்டில்களில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தார். மூன்று வாரத்தில் எல்லாம் வேர்விட்டன. சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்.

"செத்த செடியையே பொழைக்க வச்சுட்டாரே பெரிய மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

இப்போது திருவாரூர் சித்தப்பா வீட்டிலிருந்து என் வீடு வரை ஆறு வீடுகளில் அந்தக் கொடி ஓடுகிறது. நான் படியேறினாலே யாராவது, "விவசாயி வர்றாரு, செடியத் தூக்கி உள்ள வை" என்று குரல் கொடுப்பார்கள். என் வீட்டில் அந்தக் குரல் என் மனைவியுடையது. எல்லா இடத்திலும் சகலை பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முன்பு தஞ்சாவூர் போனால் மட்டும்தான் எனக்கு வயிறு எரியும். இப்போது ஆறு வீட்டில் எரிகிறது, அதில் ஒன்றில் நான் குடியிருக்கிறேன்.