கடையில்லாத ஓனரம்மா

கள்ளக்குறிச்சியில் கடை வைத்து ஜெயித்தவர்கள் உண்டு, நொடித்துப்போனவர்களும் உண்டு. ஆனால் செங்கல், சிமென்ட் எதுவும் இல்லாமல் கடை நடத்தி, நிஜ முதலாளி ஒருவரைக் கதிகலங்க வைத்தவள் எங்கள் ஓனரம்மா ஒருத்திதான்.

மகளிர் விடுதியில் என் அறைத்தோழி; ஓனரம்மா என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். வடக்கனந்தல்காரி. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுவாள். சாயந்திரம் வந்ததும் வீங்கிய காலை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொள்வாள். லீவு நாளிலாவது தூங்கலாமல்லவா? மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து அதிலும் துணிக்கடை நடத்துவாள். அது ஒரு விளையாட்டு. திரைக்குள் இருக்கும் பொம்மை மனிதர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கோபம் வரும். கடைக்கும் வருவார்கள்.

ஒரு ஞாயிறு, தொப்பி போட்ட பொம்மை ஒன்று சட்டையைத் தடவிக்கொண்டே நின்றது. "இன்னாய்யா, வாங்கப் போறியா, இல்ல சும்மா தடவிக்கினே நிக்கப் போறியா? வழிய வுடு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

கீழே தெருவில் போன பெரியவர் ஒருவர் பதறி ஒதுங்கினார். சத்தத்தை அடக்க வார்டனம்மா மாடியேறி வந்தார். திரையை உற்றுப் பார்த்தார். "பில் போடற மேசைய ஏம்மா மூலையில வெச்சிருக்க? வாசல்கிட்ட போடு" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு விடுதியில் சாம்பார் அடிபிடித்தது.

மேசையை மாற்றியும் நஷ்டம்தான். அவள் வேலைக்கு வைத்த மூன்று பொம்மைப் பெண்களும் முகம் சுண்டிப்போய், வருகிறவர்களிடமெல்லாம் சிடுசிடுத்தார்கள். யோசித்து யோசித்து ஓரமாக மூன்று நாற்காலி போட்டாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

திங்கட்கிழமை நிஜ முதலாளி முன்னால் போய் நின்றாள். அன்று நடந்ததை இரண்டு குரலிலும் எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

"மொதலாளி, எங் கடையில பொண்ணுங்க உக்கார சேர் போட்டங்க. வியாபாரம் ஜாஸ்தியாயிடுச்சி. நீங்களும் போடுங்க."

அவர் காதில் விழுந்தது 'எங் கடை' மட்டும்தான்.

"உனக்கு ஏதும்மா கடை?"

"மூணு மாசமா நடத்தறங்க. துணிக்கடைதான்."

"வாடகைக்கா?"

"சொந்தக் கட்டடங்க. மாடி எடுக்கப் போறேன். இன்னும் ரெண்டு ஆளு வேணும்."

முதலாளி தண்ணீர் கேட்டார். இருக்கிற பெண்களையெல்லாம் இவள் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மத்தியானமே பதினோரு ஸ்டூல் வந்து இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஸ்கூட்டரில் விடுதிக்கு வந்துவிட்டார். "அந்தப் பொண்ணு கடை எங்கம்மா இருக்குது?"

"இருங்க, எடுத்தாறேன்" என்ற வார்டனம்மா, பெருமையாக லேப்டாப்பைக் கொண்டுவந்து விரித்தார்.

முதலாளி குனிந்து, பொம்மைப் பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை விரலால் எண்ணினார். பின்னால் ஓனரம்மாவோடு நின்ற எங்களுக்குப் பயம். ஓனரம்மாவின் வேலை போய்விட்டால் அவள் வீட்டில் அடுப்பெரியாது.

"இதானா உன் கடை?"

"ஆமாங்க."

"ஸ்டூல திருப்பி அனுப்பிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா ஒரு வாரமா பொண்ணுங்க சிரிச்ச மொகமா இருக்குதுங்க. வியாபாரமும் கம்மியில்ல. கெடந்துட்டுப் போவட்டும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "மாடி எடுக்காத. செலவு தாங்காது."

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். என் பையை வாங்கிக்கொண்டவள், நான் பஸ் ஏறி உட்கார்ந்தும் தரவில்லை. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்து, பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான், கெட்டியாகப் பிடித்திருந்த என் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.