அறுபது லட்சம் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், அந்த வாத்தியார்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சாப்பிடும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அதன் திருநாமம் 'விற்பனை முன்கணிப்பு'. இன்னும் வெளிவராத பொருளை, அதைப் பற்றி இன்னும் கேள்விப்படாத மனிதர்கள் எத்தனை பேர் வாங்கப்போகிறார்கள் என்று தசமப் புள்ளி வரைக்கும் சொல்லிவிடும் மகத்தான கலை அது.

அந்தக் கலையின் தூண்களில் ஒருவர் நம் கணிப்பாளர். டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் கன்சோல் பெட்டியைத் தயாரிக்கிற நிறுவனத்தில் அவருக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை 'ஜோசியர்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. ஜோசியருக்குப் பார்க்க ஒரு கையாவது கிடைக்கிறதே என்பது அவருடைய மனக்குறை.

இம்முறை கணிக்க வேண்டிய விளையாட்டு, படகில் போய்க் கடிதம் கொடுக்கும் ஒரு தபால்காரரைப் பற்றியது. சுடுவதோ வெட்டுவதோ கிடையாது. இந்த நிறுவனத்தின் பெட்டியில் மட்டுமே ஓடும். வேறு பெட்டியில் போட்டால் மூச்சு விடாது. அதை உருவாக்கியவர்கள் மேல்மாடியில் இருந்த தொண்ணூறு பேர். அவர்களில் ஒருத்தி கணிப்பாளரின் கூடப்பிறந்த தங்கை. மூன்று வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, தண்ணீர் வரைவது. ஓடுகிற தண்ணீர், தேங்கிய தண்ணீர், துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்று அவள் கணவர் மைத்துனரிடம் புகார் செய்திருக்கிறார்.

நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. விளையாட்டு 'கணிப்பை எட்டினால்' அதைச் செய்த குழு அடுத்த வேலையைத் தொடங்கலாம். எட்டாவிட்டால் ஆட்களைக் குறைப்பார்கள். ஆக, அண்ணன் எழுதப்போகும் எண்ணில்தான் தங்கையின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

கணிப்பாளர் ஒழுங்காக உட்கார்ந்து கணக்குப் போட்டார். பெட்டி வைத்திருக்கும் வீடுகள் நாற்பது லட்சம். அவற்றில் இதுபோன்ற சாதுவான விளையாட்டுகளை வாங்கிப் பழகியவை ஏறக்குறைய பாதி. கூட்டிக் கழித்ததில் இருபத்தொரு லட்சம் பிரதிகள் என்று வந்தது. பன்னிரண்டு லட்சம் விற்றாலே போட்ட முதல் திரும்பிவிடும், மற்றதெல்லாம் லாபம். அவர் நிம்மதியாகக் கூட்டத்துக்குப் போனார். நிம்மதியோடு போகக்கூடிய இடமா அது என்று பதினோரு வருஷம் கழித்தும் அவருக்கு உறைக்கவில்லை.

இருபத்தொன்று என்றதும் விளம்பரத் துறைத் தலைவி முகம் சுளித்தார். முன்னோட்டத்தையே தொண்ணூறு லட்சம் பேர் 'ரசித்திருக்கிறார்களே' என்றார். இணையத்தில் வேறு எதையோ பார்க்க வந்தவர்கள் தாண்டிப்போக வழியில்லாமல் உட்கார்ந்து பார்த்தது அது என்று கணிப்பாளர் வாயெடுப்பதற்குள் எண் முப்பதாகிவிட்டது. முப்பது என்றால் பங்குதாரர்கள் மனமுடைந்து போவார்கள் என்று இரக்கப்பட்டு நிதி அதிகாரி அதை நாற்பத்தைந்தாக்கினார். குறைத்துச் சொல்பவருக்கு நிறுவனத்தின்மேல் பற்றுக் குறைவு என்று அர்த்தம்; பற்றில் யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? கடைசியில் இயக்குநர் கண்களை மூடித் திறந்து, 'நம்பிக்கைக் காரணி' என்ற ஒன்றைச் சேர்த்தார். அறுபது லட்சம்.

"சார், பெட்டியே நாப்பது லட்சம் வீட்லதான் இருக்கு," என்றார் கணிப்பாளர்.



"ஒரு வீட்ல ஒண்ணுதான் வாங்குவாங்கங்கிறதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?" என்று இயக்குநர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

ஆதாரம் இல்லை. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று நிதி அதிகாரி விளக்கினார். வாங்கியதை மறந்துவிட்டு மறுபடி வாங்கும் நல்லவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் விளம்பரத் தலைவி. அறுபதை எட்டவே முடியாது, மேல்மாடிக்குக் கேடு வரப்போகிறது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் எழுந்திருக்காமல் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது அவருடைய கை கடைசியாகத்தான் எழுந்தது. ஆனாலும் மற்றவர்கள் கை உயரத்துக்கு எழுந்துவிட்டது. 'ஒருமனதாக' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

மறுநாள் காலை அலுவலகப் படிக்கட்டில் தங்கை அவரை மடக்கினாள்.

"அறுபது போகும்னு நீ நம்புறியாண்ணா?"

"கமிட்டி நம்புது," என்றார் அவர்.

விளையாட்டு வெளிவந்தது. ஆடிப் பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கடிதத்தைக் கொடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். தங்கை அவற்றை ஒன்று விடாமல் படித்தாள். அந்த ஆண்டு முடிவில் விற்ற பிரதிகள் இருபத்தொரு லட்சத்துச் சில்லறை. நல்ல லாபம்.

இந்த இடத்தில் சாதாரண மூளைகள் குழம்பும். நிறுவனம் குழம்பவில்லை. அறுபதில் இருபத்தொன்று போக முப்பத்தொன்பது லட்சம் பிரதிகள் 'இழப்பு' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டது. பிறக்காத பிள்ளைகளுக்கு அங்கே முறைப்படி துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. கணிப்பில் பிழையில்லை, விற்பனைதான் பிசகிவிட்டது என்று இயக்குநர் தெளிவுபடுத்தினார். விற்பனை பிசகியதற்குக் காரணம் விளையாட்டைச் செய்தவர்கள். கணித்தவர்கள் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் செய்திருக்கிறார்கள். ஆகவே, இந்த 'இழப்பை' ஈடுகட்ட மேல்மாடியில் எத்தனை பேரை 'விடுவிக்க' வேண்டும் என்று கணித்துத் தரும்படி நம் கணிப்பாளரையே கேட்டுக்கொண்டார்கள்.

அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பூஜ்யம் என்று எழுதலாமா என்று யோசித்தார். பூஜ்யத்தை யார் எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தானே. எழுதக் கை வரவில்லை. சரி, இத்தனை இழப்புக்கு இத்தனை ஆள் என்று நிறுவனம் கொடுத்த சூத்திரப்படி வருவதை எழுதுவோம், இங்கே எந்த எண்ணைத்தான் இருந்தபடி விட்டிருக்கிறார்கள், பேச்சு வரும்போது குறைக்கச் சொல்லிப் போராடுவோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அறுபத்துநான்கு என்று எழுதினார்.

பேச்சே வரவில்லை. விளம்பரத் தலைவி தலையசைத்தார். நிதி அதிகாரி கையெழுத்திட்டார். இயக்குநர் எந்தக் காரணியையும் சேர்க்கவில்லை. நாலு நிமிஷத்தில் கூட்டம் முடிந்து, ஐந்தாவது நிமிஷம் பிஸ்கட் வந்தது. பட்டியலை வேறு யாரோ தயாரித்தார்கள். அந்த வாரமே அறுபத்துநான்கு பேர், ஒரு தலைகூடக் கூடாமல் குறையாமல், வெளியே போனார்கள். நிறுவன வரலாற்றில் அச்சு அசலாகப் பலித்த முதல் கணிப்பு அது. கணிப்பாளருக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் செய்து, அதில் 'துல்லியம்' என்று பொறித்து, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தங்கை தன் மேஜையிலிருந்த பொருள்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேடயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார், டேப் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

"மொதல்ல நீ எத்தனை லட்சம்னு எழுதினே?" என்று அவள் நிமிராமலே கேட்டாள்.

"இருபத்தொண்ணு."

"எவ்வளவு வித்துச்சு?"

"இருபத்தொண்ணு."

"அறுபத்துநாலு பேருன்னு?"

"அதுவும் நான்தான்."

அவள் பெட்டியின் வாயை மூடி, டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டினாள்.

"உனக்குக் கணக்கு நல்லாத்தாண்ணா வருது," என்றாள். "வாய்தான் வரல."