வெண்டலுக்கு முன் அனுபவம் உண்டு

வான்கோழிகளோடு காலம் தள்ளுவதைவிட வெட்கத்தை விட்டுவிடுவது மேல் என்று வெண்டல் டோலெஃப்சன் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள்.

மூன்று மாதமாக அவர் வீட்டில் சும்மா இருந்தார். இருபத்தேழு வருஷம் கம்பளம் விற்ற கடையை முதலாளி இழுத்து மூடிவிட்டார். முதல் மாதம் மனைவி ஆர்டிஸ் அனுதாபப்பட்டாள். இரண்டாம் மாதம் பெருமூச்சு விட்டாள். மூன்றாம் மாதம் தன் தம்பிக்கு போன் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்," என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா ஆர்லன் பண்ணைக்குப் போயிடு. ஆள் இல்லாம தவிக்கிறான்."

"வான்கோழிப் பண்ணைக்கா?"

"என் தம்பி வேற எந்தப் பண்ணை வச்சிருக்கான்?"

"அதுங்களுக்கு என்னைப் பிடிக்காது ஆர்டிஸ்."

"முப்பதாயிரம் இருக்கு. ஏதாவது ஒண்ணுக்காவது பிடிக்கும்."

வெண்டலுக்கும் வான்கோழிக்கும் பழைய பகை. அவர்களுடைய கல்யாண விருந்து மாமனாரின் பண்ணையில்தான் நடந்தது. அன்று ஒரு வான்கோழி மாப்பிள்ளையின் கால்சட்டையைப் பின்பக்கமாகக் கவ்வியது. கேக் வெட்டி முடிக்கும்வரை விடவில்லை. கல்யாண ஆல்பத்தில் பதினோராம் பக்கத்தில் அந்த வான்கோழி இன்றும் இருக்கிறது. மாப்பிள்ளையைவிட அது படத்தில் நன்றாக விழுந்திருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

ஆகவேதான் வெட்கத்தை விடும் முடிவு. எல்க் பெண்ட் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை இறங்கும் இடத்தில், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம் உண்டு. பெயர் வெல்வெட் பார்ன். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். தம்பதிகளின் அந்தரங்க மகிழ்ச்சிக்கான சாமான்கள் அத்தனையும் அங்கே கிடைக்கும் என்று கேள்வி. கேள்விதான். எல்க் பெண்டில் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தவர்கள் யாருமே கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் கடை இருபத்திரண்டு வருஷமாக ஓஹோவென்று நடக்கிறது.

அதன் வாசலில் ஒரு பலகை தொங்கியது. ஆள் தேவை, பகல் வேலை, மருத்துவக் காப்பீடு உண்டு. மூன்றாவது வரியைப் படித்ததும் வெண்டலின் வலது முழங்கால் விம்மியது. இருபத்தேழு வருஷம் கம்பளத்தில் மண்டியிட்ட முழங்கால் அது.

சிக்கல் ஒன்றே ஒன்று. ஆர்டிஸ் வேலை பார்ப்பது லூத்தரன் தேவாலயத்தின் ஆபீசில். பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைத் தாள்களை அச்சடித்து மடிக்கிறவள். அவள் புருஷன் வெல்வெட் பார்னில் கல்லாவில் நிற்கிறான் என்றால் அந்த அம்மாள் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? வேலை கிடைக்கட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெண்டல் தீர்மானித்தார். இருபத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் எதையும் பக்குவமாகச் சொன்னது கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஆர்டிஸ் ஆபீசுக்குப் போனதும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அவள் எப்போதாவது வீட்டுக்குக் கொண்டுவரும் ஆபீஸ் மடிக்கணினி அங்கே இருந்தது. அதைத் திறந்து விண்ணப்பக் கடிதம் அடிக்க ஆரம்பித்தார். பெயர் வந்தது. முகவரி வந்தது. 'இத்துறையில் முன் அனுபவம்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அந்தத் துறையில் தன் முன் அனுபவத்தை வெண்டல் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. அவர் ஒரு விமர்சகர். சாதாரண விமர்சகரா? உலகத்துச் சாமான் எல்லாம் விற்கும் ஒரு பெரிய இணையக் கடையில் அறுநூற்றுப் பன்னிரண்டு விமர்சனம் எழுதியவர். அந்தக் கம்பெனியே அவரைத் தேர்ந்தெடுத்து இலவசமாகச் சாமான் அனுப்பி, முப்பது நாளைக்குள் நட்சத்திரம் போட்டு எழுதச் சொல்கிறது. உருளைக்கிழங்கு சீவி, கால் சூடாக்கும் மெத்தை, நாய்க்குக் குடை. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. வந்த குடையைத் திருப்பி அனுப்பவா முடியும்?

கடிதத்தில் எழுதினார்: 'பொருட்களைப் பயன்படுத்திப் பார்த்துப் பாரபட்சமின்றி மதிப்பிடுவதில் நீண்ட அனுபவம் உண்டு.' படித்துப் பார்த்தார். காது சிவந்தது. வெல்வெட் பார்னுக்கு எழுதும் கடிதத்தில் இந்த வாக்கியம் வேறு மாதிரி தொனித்தது. எதற்கும் தாளில் பார்க்கலாம் என்று அச்சுப் பொத்தானை அழுத்தினார். பக்கத்திலிருந்த பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். நாலு தரம் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. சனியன் பிடித்த பிரிண்டர் என்று திட்டிவிட்டு, கடிதத்தைக் கையாலேயே நகலெடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார். பிறகு பலகையிலிருந்த எண்ணுக்கு போன் போட்டார்; வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஆர்டிஸ் ஆபீசிலிருந்து வழக்கத்துக்கு மாறாகச் சாந்தமாக வந்தாள். இறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டெடுக்கும் ஹாட்டிஷ் செய்தாள். அது வெண்டலுக்குப் பிடித்தது. கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறினாள். இதைப் பார்த்தே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒரு கடையில வேலைக்கு எழுதியிருக்கேன்," என்றார். "வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. என்ன கடை?"

"இந்த... நலவாழ்வு. தம்பதிகளுக்கு உபயோகமான சாமான்."

"மிக்ஸி மாதிரியா?"

"அந்த மாதிரிதான். பேட்டரி போடறதெல்லாம் இருக்கும்."

"சரி," என்றாள் ஆர்டிஸ். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"முன் அனுபவம் கேட்கிறாங்க. என் ரிவ்யூவைப் பத்திச் சொல்லலாமா? தப்பா எடுத்துப்பாங்களோ?"

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?"

"இல்ல, அவங்க விக்கிற சாமானையெல்லாம் நான் உபயோகிச்சுப் பார்த்து எழுதினவன்னு நினைச்சிட்டா?"

"எதை, மிக்ஸியையா?"

வெண்டல் வாய் நிறைய ஹாட்டிஷை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"கண்டிப்பா சொல்லு," என்றாள் ஆர்டிஸ். "சும்மா வாயால சொன்னா யாரு நம்புவா? ஒண்ணு விடாம காட்டு. நான் நாளைக்கு ஆபீஸ்ல எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு, அழகா பைண்ட் பண்ணிக் கொண்டாறேன்."

வெண்டலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் எழுத்தை இவள் இதுவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. மனசுக்குள் இவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறாளே என்று கண் கலங்கினார். பாவம், நல்ல மனுஷன்.

புதன்கிழமை புத்தகம் வந்தது. முந்நூறு பக்கம். அங்கங்கே மஞ்சள் காகிதம் ஒட்டி அடையாளம் வேறு வைத்திருந்தாள். "உன்னோட சிறந்த படைப்புகள்," என்றாள்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு வெண்டல் காரைப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். யாராவது பார்த்தால் சொல்வதற்கு கார்க் கண்ணாடிக்கு ஒரு பனி சுரண்டி வாங்கிக்கொண்டார். அப்புறம் சோம்பல் முறிக்கப் போகிறவர் மாதிரி கைகளை வீசி வீசி நடந்து, சட்டென்று வெல்வெட் பார்னுக்குள் நுழைந்துவிட்டார். ஊரில் எல்லாரும் கடைப்பிடிக்கும் வழிதான் இது.

முதலாளி ட்ரூடி கெட்டுனென் வாசலுக்கு முதுகைக் காட்டி அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகையும் சாம்பல் நிறக் கொண்டையையும் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று வெண்டலுக்குத் தோன்றியது.

"உட்காருங்க," என்றார் ட்ரூடி. "எனக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு சொல்லிடறேன். நம்ம ஊர்க்காரங்களை உங்களுக்குத் தெரியும். எவனாவது வாயைத் திறந்து ஒண்ணு கேப்பானா? கதவுகிட்டேயே நின்னு, இன்னிக்குக் குளிர் அதிகம்பான். ரொம்ப நல்லா இருந்தா 'மோசமில்ல'ம்பான். கண்றாவியா இருந்தா 'வித்தியாசமா இருக்கே'ம்பான். இவங்க முகத்துக்கு நேரா, இது நல்லது, இது குப்பைன்னு போட்டு உடைக்கிற ஆள் வேணும்."

"அதுதாங்க என் அனுபவமே," என்று வெண்டல் புத்தகத்தை நீட்டினார்.

ட்ரூடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் மஞ்சள் காகிதத்தைப் புரட்டினார். உரக்கப் படித்தார்.

"உருளைக்கிழங்கு சீவி. 'என் மனைவி ஒரு கிழங்கு சீவினாள். இதற்குப் பதில் பல்லாலேயே சீவலாம் என்றாள். ஒரு நட்சத்திரம்.'" அவர் தலையாட்டினார். "நேர்மை."

"நன்றிங்க."

"கால் சூடாக்கும் மெத்தை. 'ஜனவரி முதல் என் மனைவியின் பாதங்கள் என் முதுகைத் தொடவில்லை. ஐந்து நட்சத்திரம்.' நாய்க்குடை. 'மழையில் என் மனைவி இதை இறைச்சி சுடும் அடுப்புக்கு மேல் பிடித்தாள். இறைச்சி நனையவில்லை, மனைவி நனைந்தாள். மூன்று நட்சத்திரம்.'"

ட்ரூடி இன்னும் பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் டோலெஃப்சன், இதுல நீங்க பயன்படுத்திப் பார்த்த சாமான் எது?"

வெண்டல் யோசித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டையும் மனசுக்குள் ஓட்டினார்.

"பெட்டியெல்லாம் நான்தாங்க பிரிப்பேன்," என்றார்.

"அப்போ எனக்கு உங்க மனைவிகிட்டதான் பேசணும்."

வெண்டல் பதறினார். "அவ வீட்ல இல்லீங்க."

"ஆபீஸ்ல இருப்பாங்க."

"அங்க போன் ரிப்பேருங்க."

"நேத்து சாயங்காலம்கூட பாட்டுப் பயிற்சி எத்தனை மணிக்குன்னு அந்த போன்லதான் கேட்டேன்," என்றார் ட்ரூடி.

வெண்டலுக்குக் கொண்டை விளங்கிவிட்டது. தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசை, இடமிருந்து மூன்றாவது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கொண்டைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் தூங்குவார்.

"அம்மா, தயவு பண்ணி அவளுக்குச் சொல்லாதீங்க," என்றார். "நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. வேலை குடுக்கலைன்னாலும் பரவாயில்ல."

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. ஆர்டிஸ் உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டிருந்தாள். ஒரு கையில் எலுமிச்சைக் கேக் துண்டுகள் அடுக்கிய தட்டு. எல்க் பெண்டில் யாரும் எங்கேயும் வெறுங்கையோடு போவதில்லை. இன்னொரு கையில் நாலு தாள்.

"நான் உடையல வெண்டல்," என்றாள். "உட்காரு, முழங்கால் வலிக்கப் போகுது."

"நீ எப்படி..."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அச்சுப் பொத்தானை அழுத்தினா ஆபீஸ் பிரிண்டர்லதானே வரும்? நாலு காப்பி வந்துச்சு. முதல் காப்பியைப் பாதிரியார் எடுத்தார்."

வெண்டல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டு எழுத்துப் பிழை இருந்துச்சாம், திருத்திக் குடுத்திருக்கார். கடிதம் மோசமில்லன்னார்."

"உனக்குக் கோபமில்லையா?"

ஆர்டிஸ் தட்டை மேஜையில் வைத்தாள். "இருந்துச்சு. நீ இங்க வர்றதுக்காக இல்ல. 'பொருட்களைப் பயன்படுத்திப் பார்த்து'ன்னு எழுதியிருந்தே பாரு, அதுக்குத்தான். கிழங்கு சீவினது நான். மழையில நின்னது நான். நான் சொன்னதை டைப் அடிச்சுப் பேர் வாங்கினது நீ. பத்தொன்பது வருஷமா ஆபீஸ்ல தாளை மடிக்கிறேன், என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை அபிப்பிராயம் கேட்டதில்ல. அதான் செவ்வாய்க்கிழமையே ட்ரூடிக்கு போன் பண்ணி, அந்த அபிப்பிராயமெல்லாம் என்னோடதுன்னு சொன்னேன்."

"அத்தாட்சி ஏதாவது இருக்கான்னு கேட்டேன்," என்றார் ட்ரூடி, ஒரு கேக் துண்டை எடுத்தபடி. "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரரே கொண்டாருவார்னாங்க."

வெண்டல் மேஜைமேல் கிடந்த முந்நூறு பக்கத்தைப் பார்த்தார். மஞ்சள் காகிதங்கள் அவரைப் பார்த்தன.

"அப்போ வேலை?"

"திங்கட்கிழமை நான் சேர்றேன்," என்றாள் ஆர்டிஸ்.

"அப்போ காப்பீடு? என் முழங்கால்?"

"புருஷனுக்கும் சேர்த்துத்தான். விசாரிச்சிட்டேன்."

குறை சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அந்த ஹாரனை வெண்டலுக்குத் தெரியும்.

"ஆர்லன் வந்துட்டான்," என்றாள் ஆர்டிஸ். "வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னேன். அவன்தான் அவசரப்படறான். உன் சாப்பாட்டு டப்பா வண்டியில இருக்கு. பூட்ஸும் வாங்கி வச்சிருக்கேன்."

இரண்டு வாரம் கழித்து வெண்டலின் அறுநூற்றுப் பதின்மூன்றாவது விமர்சனம் இணையத்தில் வந்தது. அவரே பயன்படுத்திப் பார்த்து எழுதிய முதல் விமர்சனம் அதுதான்.

'பண்ணை ரப்பர் பூட்ஸ். வான்கோழி கொத்தினால் கிழியாது என்று என் மனைவி சொல்கிறாள். ஐந்து நட்சத்திரம். எனக்கும் ஒரு கருத்து இருந்தது. பிழை திருத்தும்போது அவள் அதை எடுத்துவிட்டாள்.'