மூன்றாம் பம்பின் பத்து மணித் தேநீர்

இயந்திரத்துக்குக் கெட்ட பழக்கம் கற்றுக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சுங்கைப் பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் பம்பு பார்த்தவர். அடையாள அட்டையில் ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் புங்குஸ் அண்ணன். தினமும் கடையில் கொதிக்கும் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் புங்குஸ் என்று இங்கே சொல்லும் பொட்டலமாகக் கட்டி, கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு வருவார். ஆறும்வரை எங்காவது தொங்கவிடுவார்.

சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தனிக்கட்டை. நான்கு பம்புகளில் நான்காவதோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. புதுச்சட்டையில் எண்ணெய் துப்பிவிட்டதாம். "சத்தம் ஓவரா இருக்குன்னு அதுகிட்ட சொல்லிடுங்க கிராணி" என்பார். அலுவலகத்தில் பேனா பிடிக்கும் நான்தான் கிராணி. போய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒருநாள் பம்புகளுக்கெல்லாம் சென்சார் வைத்தார்கள். பினாங்கிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் விளக்கினார்: "சூடு, அதிர்வு எல்லாம் கிளவுடுக்குப் போயிரும் அங்கிள். சில வாரம் பாத்து, எது வழக்கம்னு அதுவே கத்துக்கும். வழக்கம் மாறினா போன்ல அலர்ட் வரும்."

"எங்க அக்காவும் அப்படித்தாம்மா. என்ன, அதுக்கு கரண்டு வேணாம்" என்றார் அண்ணன்.

அலர்ட் வர வேண்டிய போன் என்னுடையது. எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்குத் தண்டனை.

இரண்டு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது: 'மூன்றாம் பம்பு. பத்து மணிக்கு ஏற வேண்டிய சூடு ஏறவில்லை.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பம்பு சூடானால் பயப்பட வேண்டும் என்று தெரியும். சூடாகாவிட்டாலும் பயப்பட வேண்டுமா? இன்ஜினியர் பினாங்குப் பாலம் கடந்து ஓடிவந்து, பம்பைக் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மறுநாள் பம்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரியாகப் பத்து மணிக்கு அண்ணன் வந்தார். சென்சாரை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த இரும்பில் தேநீர்ப் பையை மாட்டினார். பம்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். லேப்டாப்பில் கோடு மேலே ஏறியது. அந்தப் பெண் எழுந்து அவரை நிறுத்தினார்.

"அங்கிள்... தினமும் இங்கதான் மாட்டுவீங்களா?"

"நீங்கதானம்மா கொக்கி வச்சீங்க. எனக்குன்னு நெனச்சேன்."

"அது சென்சார் பிடிமானம் அங்கிள். உங்க டீயப் பம்போட வழக்கம்னு கத்துக்கிச்சு. நேத்து என்னாச்சு?"

"நேத்து கடை லீவுலா." என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா கிராணி, நான் டீ குடிக்கலன்னு அது கேட்டிருக்கு. நீங்க கேக்கல."

திங்கட்கிழமை சென்சாருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதாகவும், அதிலிருந்து தேநீருக்கு வேறு இடம் பார்க்கும்படியும் சொல்லிவிட்டு இன்ஜினியர் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அதே அலர்ட். மறுபடியும் கடை லீவு போலிருக்கிறது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அதன் பக்கத்திலேயே என் தேநீர் ஆவி பறக்க இருந்தது. அதே கடைத் தேநீர்.

அப்படியானால் கடை திறந்திருக்கிறது. போய் அண்ணனின் பஞ்ச் கார்டைப் பார்த்தேன். ஏழு மணிக்கே வந்திருந்தார். மோட்டார் சைக்கிள் ஷெட்டில் நின்றது. ஆள் உள்ளே, தேநீர் மட்டும் வரவில்லை.

பள்ளி நாட்களுக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாயங்காலம்வரை யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், சட்டையெல்லாம் வியர்வையில் நனைய, சரிந்து கிடந்தார். தேநீர்ப் பையின் கயிறு விரலிலேயே இருந்தது.

"நெஞ்சுல யாரோ ஏறி ஒக்காந்திருக்கான் கிராணி."

"பேசாதீங்கண்ணே. வண்டி வருது."

"எறங்கச் சொல்லுங்க அவன."

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அண்ணன் கண் திறந்துவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் போனை எடுத்தேன்.

அதில் அந்த அலர்ட் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தது: 'இந்த எச்சரிக்கை சரியா, தவறா?' இன்ஜினியரை அழைத்துக் கேட்டேன்.

"பம்பு நல்லாத்தானே இருக்கு சார். அப்ப ரூல்படி தவறுன்னு போடணும். இல்லன்னா அது தப்பாக் கத்துக்கும்." அண்ணன் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததைச் சொன்னேன். "நீங்க பாத்துப் போடுங்க சார்."

வார்டு வராந்தாவில் நின்றபடி 'சரி' என்று அழுத்தினேன். தப்பாகவே கற்றுக்கொள்ளட்டும்.