ஓடுகிறவர்களுக்கு ஒரு பாட்டு

ஒரு காட்டில் பூவாத்தா என்றொரு எலி குடும்பம் நடத்தி வந்தாள். அந்தக் காட்டுக்கே ஜப்பான்காரர்களின் ராட்சத மிருகப் படங்கள் என்றால் பைத்தியம். கடலிலிருந்து மலை மாதிரி ஒரு மிருகம் எழுந்து வரும், ஊரை மிதிக்கும், ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் மிருகம் வரும்போது ஒரு பாட்டு போடுவார்கள் பாருங்கள், அடடா! அதைக் கேட்டால் ஆமைகூட நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்.

குட்டிகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. உடும்புக்குட்டி தன் பாட்டோடு "டம் டம் டமார்" என்று வரும். முதலைக்குட்டி தன் பாட்டோடு வரும். பூவாத்தாவின் கடைக்குட்டி சுண்டு மட்டும் அலறுகிற ஜனங்களாகப் பொழுதன்னைக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அம்மா, நாம வரும்போது என்ன பாட்டு?"

பூவாத்தாவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. நேராகக் கரடியிடம் போனாள்.

கரடி சடையாண்டிதான் அந்தப் படப் பாட்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே இசைத்தட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உடும்புக்கு ஆறு பாட்டு, முதலைக்கு நாலு பாட்டு. ஓடுறவங்களுக்கு ஒண்ணுகூடக் கிடையாதா?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுப்புட்டே! எல்லாப் பாட்டுலயும் பின்னாடி 'ஐயோ ஐயோ'ன்னு ஒரு சத்தம் கேக்குதுல்ல? அது நீங்கதானே! உங்களைவிட அதிகமா யாருக்கு இடம் கெடச்சிருக்கு?"

பூவாத்தா விடவில்லை. கரடியும் நியாயஸ்தர்தான், உடனே ஒரு பன்முகத்தன்மைக் குழு போட்டார். அதில் உடும்பு, ஓணான், பல்லி, முதலை. நாலு நிறம், நாலு அளவு, இதற்கு மேல் என்ன பன்முகம் வேண்டும் என்று குழுவுக்கே புரியவில்லை.

"நீங்க எந்த ஊரையாவது இடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது உடும்பு.

"இல்லீங்க. எங்களுக்குத் தோண்டத்தான் தெரியும்."

"அப்போ கஷ்டம்மா."

வெளியீட்டு விழா வந்தது. பாட்டு உள்ளவர்களுக்கெல்லாம் முன்வரிசை. எலிகளுக்குக் கடைசியில், ஓடுவதற்கு வசதியாக, வேலியோரம் இடம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு எழவும் கேட்கவில்லை. சுண்டு அழ ஆரம்பித்தான்.

"அழாதடா ராசா, கிட்டப் போயே கேப்போம்" என்று பூவாத்தா மண்ணைப் பறித்தாள். உற்றார் உறவினரும் சேர்ந்துகொண்டார்கள். மேடைக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்து, குடும்பத்தோடு உட்கார இடம் பத்தாமல் இன்னும் கொஞ்சம் பறித்தார்கள். பாட்டு கணீரென்று கேட்டது.

மேலே தலைமை தாங்க வந்த யானைக்கும் பாட்டு பிடித்துவிட்டது. முதலில் தலையை ஆட்டினார். பிறகு சும்மா இருக்கமாட்டாமல் காலையும் ஆட்டினார்.

மடேர்!

மேடை, பந்தல், குழு, கரடி எல்லாம் பள்ளத்துக்குள். வளையின் ஓரமாக ஒதுங்கியிருந்த எலிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. புழுதிக்குள்ளிருந்து சுண்டு தலையை நீட்டினான். "ஐயோ! ஐயோ!" என்று காடே ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து துள்ளியேறி, முதல் ஆளாக உடும்பு.

"அம்மா! எல்லாரும் நம்மளப் பாத்து ஓடுறாங்கம்மா!"

அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பூவாத்தா அதுவரை பார்த்ததே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கழுத்துவரை புதைந்திருந்த கரடி கத்தினார்: "யாரப்பா அங்கே! எலிகளுக்கு ஒரு பாட்டைச் சேருங்க! முதல் பாட்டாவே சேருங்க!"

"ஆட்சேபணை இல்லை!" என்றது உடும்பு, மரத்து உச்சியிலிருந்து.

பாட்டு ஜோராக அமைந்தது. பின்னணியில் உடும்பின் அலறலும் சுத்தமாகக் கேட்கிறது. சுண்டு இப்போதெல்லாம் அதைப் போடாமல் சாப்பிடக்கூட வருவதில்லை. பூவாத்தாவைக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் ஒரு மண்புழு வந்து குழுவின் முன்னால் தயங்கித் தயங்கி நின்றது.

"அக்கா, நாம வரும்போது என்ன பாட்டுன்னு எங்க புள்ளைங்க கேக்குதுங்க."

பூவாத்தா மீசையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா இப்படிக் கேட்டுப்புட்டே! எல்லாப் பாட்டுலயும் மேடைக்குக் கீழ மண்ணு இருக்குல்ல? அதுல நீங்கதானே இருக்கீங்க! உங்களைவிட அதிகமா யாருக்கு இடம் கெடச்சிருக்கு?"

நீதி: உங்களுக்கும் ஒரு பாட்டு வேண்டுமென்றால் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள், மேடைக்கு அடியில் தோண்டுங்கள். பாட்டு கிடைத்ததும் மறக்காமல் குழியை மூடிவிடுங்கள்.