ஆறு பீங்கான்

காலை ஏழே முக்காலுக்குச் சுதாஜினியின் மண்வெட்டி 'ணங்' என்றது.

பதினொரு மணிக்கு வீடு குடிபூரல். புது மண்டபச் சுவரில் ஆறு ஆணி அடித்தாயிற்று. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது உரப்பையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்த, ரோசாப்பூப் போட்ட ஆறு பீங்கான் தட்டுகளுக்காக.

பையை அவிழ்த்தாள். பூ நீலம்.

"எங்கடது ரோசாப்பூவெல்லே?" என்றான் கணவன் கோகுலன்.

"இவ்வளவு வருசம் மண்ணுக்க கிடந்தா நிறம் மாறாதே?"

எண்ணினாள். எட்டு.

"குட்டி போட்டிருக்கு." அவன் சிரிக்கவில்லை.

மிஞ்சிய இரண்டுக்கும் ஆணி அடித்தாள். மறுபக்கச் சுவர் வெறிச்சென்றது. அதை நிரப்பத் திரும்பவும் தோண்டினாள். மூக்கு நீண்ட தேநீர்ப் போச்சி வந்தது. மூடியில்லை. மூடிக்காகத் தோண்டினாள். மூடி வந்தது. கூடவே, உள்ளங்கையளவு நீலப்பூக் கிண்ணம் ஒன்று. அதற்குள் பல் பதிந்த சின்னக் கரண்டி.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கோகுலன் மண்வெட்டியைப் பறித்தான். "காணும், விடு. மண் தாறதெல்லாத்தையும் வாங்கக் கூடாது."

"தாறது எங்கட மண்ணப்பா."

வவுனியாவில் எட்டு வாடகை வீடு மாறியவர்கள். காணி உறுதி எரிந்துபோயிற்று. சொந்த ஊரான அக்கராயனுக்குத் திரும்பி, பற்றைக்காட்டுக்குள் கிணற்றைக் கண்டு அழுது, அதனருகே கட்டிய வீடு இது. இனி ஒருதரும் எங்களை எழுப்பேலாது என்று சுவரில் கைவைத்துச் சொன்னவள் அவள். கிண்ணத்தையும் கழுவிச் சுவர்த்தட்டில் வைத்தாள். கரண்டியை மட்டும் துணியில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்தாள்.

சனம் வந்தது. சுவரைப் பார்த்து வாய் பிளந்தது.

"உது எங்க வாங்கினது, சுதா?"

"வாங்கிறதோ? என்ர சீதனமெல்லே!"

நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது அவளே நம்பிவிட்டாள்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தார். சாம்பல் நிறச் சேலை, கையில் பஸ் டிக்கற். கோகுலனின் சொந்தக்காரர் என்று சுதாஜினி கதிரை போட்டாள். சுதாஜினியின் பக்கம் என்று கோகுலன் சோடா நீட்டினான். அவர் இருவரையும் கவனிக்கவில்லை. சரிந்திருந்த பீங்கானொன்றை நேராக்கினார். சின்னக் கிண்ணத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, உள்ளே விரலால் தடவித் தேடினார்.

சுதாஜினி நகர்ந்து அலுமாரிக் கதவை மறைத்து நின்றாள்.

"அதை வையுங்கோ, அம்மா. என்ர சீதனம்."

அந்தப் பெண் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பீங்கான் உங்கட சீதனமாவே இருக்கட்டும், பிள்ளை. என்ர காணியும் உங்கட சீதனமோ?"