கையைக் கடிக்காத பிரஷ்

“இதென்னங்க, மூஞ்சியில துருப்பிடிச்ச தகரத்தைப் போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்கு?”

மனைவி முகவாயைப் பிடித்துத் திருப்பியதும் வரவேற்பாளர் கண்களை மூடிக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தாடையிலிருந்து தொண்டைவரை சிவந்து தடித்திருந்தது. பிளாஸ்டிக் நார் வைத்த பழைய சவர பிரஷ் செய்த வேலை.

பெரிய விடுதி ஒன்றில் வாசலுக்கு நேர் எதிரே அவருடைய மேசை. உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். தாடி வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

“நுரை டப்பா வாங்கி அடிங்க சார். பிரஷ்ஷே வேணாம்” என்றார் காசாளர்.

அடித்தார். முகம் அப்பளம் மாதிரி உப்பியது. சிவப்பை மறைக்க மனைவியின் பவுடரை அப்பிக்கொண்டு போனார்.

“என்ன, வீட்டுக்கு வெள்ளையடிச்சுட்டு அப்படியே வந்துட்டீங்களா?” என்றார் மேலாளர்.

பயந்துபோய் சவரத்தையே நிறுத்தினார். அரும்பிய முள்தாடியை மேலாளர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட வரவேற்பாளர் தாங்கியிருப்பார்.

மனைவியின் தம்பிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. “அத்தான், உங்களுக்கு வேண்டியது பேட்ஜர் முடி பிரஷ். பூ மாதிரி இருக்கும்.”

“பேட்ஜர்னா?”

“மண்ணுல வளை தோண்டி வாழுற ஒரு பிராணி. அதோட முடிதான் தண்ணியை நல்லாப் பிடிக்குமாம்.”

“அது கடிக்குமா?”

“பிரஷ்ஷா?”

எங்கேயோ நடைபாதையில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, அவனே ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அதை நனைத்து முகத்தில் நாலு சுற்றுச் சுற்றியதும் முடியின் கறுப்பெல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கறுப்பு நீலமாயிற்று. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் நீலம் காதுவரை பரவிற்று.

மேலாளர் அவரைத் தனியே அழைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“நாளைக்கு முதலாளி வர்றார். மூஞ்சி மூஞ்சியா இருந்தா மேசையில உட்காருங்க. இல்லைன்னா நேரா அடித்தளத்துக்குப் போயிடுங்க. அங்க துணி வெளுக்கற இடத்துல ஆள் வேணுமாம்.”

அடித்தளத்தை நினைத்ததுமே வரவேற்பாளருக்கு முதுகில் எலி ஓடியது போலிருந்தது. பல்லியைப் பார்த்தாலே வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள் அவர். ஜன்னல் இல்லாத அந்த இடத்தில் எலிகள் ஆள் வருவதைப் பார்த்தும் ஓடாது என்று கேள்விப்பட்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும், சவரச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தார். உள்ளேயே ஒரு நாற்காலி போட்டுச் சவரமும் செய்துவிடுகிற கடை. கண்ணாடி அலமாரியில் பிரஷ்கள் வரிசையாக நின்றன. வெளியிலேயே நின்று இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார். காரணம், அவர் இதுவரை இப்படிப்பட்ட கடைக்குள் காலே வைத்ததில்லை. அடுத்தவர் கையில் கத்தி, அதற்குக் கீழே தன் கழுத்து என்பது அவரால் நினைத்தே பார்க்க முடியாத விஷயம். தலைமுடியைக்கூட மனைவிதான் வெட்டிவிடுவாள்.

அடித்தளம் மறுபடி நினைவுக்கு வந்தது. உள்ளே போனார்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். கோட்டில் கறுப்பும் பழுப்புமாக முடி ஒட்டியிருந்தது. பாவம், நாள் முழுக்க ஓயாத வேலை போலிருக்கிறது.

“வாங்க. நான் வந்து...” என்று அவர் எழுந்தார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். முதல்ல இந்த மூஞ்சியைப் பாருங்க!” வரவேற்பாளர் முகத்தை நீட்டினார். பயத்தில் குரல் அதட்டல் மாதிரி வந்துவிட்டது.

வெள்ளைக் கோட்டுக்காரர் சொல்ல வந்ததை மறந்துவிட்டார். விளக்கடிக்கு இழுத்துப் போய், தோலை விரல்களால் விலக்கி விலக்கிப் பார்த்தார். காதை மடக்கி உள்ளேயும் பார்த்தார்.

“அடடா, வெந்து போயிருக்கே. சொறிஞ்சீங்களா?”

“கொஞ்சம்.”

“சொறியக் கூடாது. ராத்திரி கழுத்தைச் சுத்தி ஏதாவது கட்டி விட்டுட்டா சொறிய மாட்டீங்க.”

வரவேற்பாளர் கையால் கழுத்தை மறைத்துக்கொண்டார். “எனக்குப் பேட்ஜர் முடி பிரஷ் ஒண்ணு வேணும். கையைக் கடிக்காத விலையில.”

“பேட்ஜரா!” அவர் கண்கள் பளிச்சிட்டன. “அதோட தாடை தெரியுமா? ஒரு தடவை பிடிச்சா லேசுல விடாது.”

அலமாரியைத் திறந்து மூன்று பிரஷ்களை எடுத்து வைத்தார். “இந்தக் கறுப்பு வயித்துப் பக்கத்து முடி. முரடு, உங்க தோலுக்கு ஆகாது. இது கழுத்து முடி, நுனி வெள்ளி மாதிரி இருக்கு பாருங்க. ரொம்ப மெத்து. நடுவுல இருக்கறது ரெண்டுக்கும் இடைப்பட்டது.”

“என்ன விலை?”

“அது எனக்குத் தெரியாதே. அட்டையில போட்டிருக்கும், பாருங்க.”

விலை தெரியாத கடைக்காரர் என்றால் நிச்சயம் எமகாதகர். வரவேற்பாளர் உஷாராக அட்டைகளைப் பார்த்தார். வெள்ளி நுனியின் விலை நெஞ்சை அடைத்தது. நடுவில் இருந்ததை எடுத்து முடியை இழுத்துப் பார்த்தார், உதிரவில்லை. ஈரத்துணியில் தேய்த்தார், சாயம் இறங்கவில்லை. கன்னத்தில் வைத்து அழுத்தினார். குத்தவில்லை.

“இதுவே போதும். ஆனா நாளைக்குக் காலையில எனக்கு மூஞ்சி வேணும்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. “உங்க கையால ஒரு தடவை பண்ணிக் காட்டிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“நானா?” அவர் தயங்கினார். பிறகு அந்தக் கழுத்தை மறுபடி பார்த்தார். “இதுக்கு முடியை எடுத்துட்டு மருந்து போடறதுதான் சரி. சரி, ஏறுங்க.”

வரவேற்பாளர் நாற்காலியில் ஏறினார். வெள்ளைக் கோட்டுக்காரர் முழங்கைவரை கை கழுவினார். அந்தக் கைகளை வரவேற்பாளர் அப்போதுதான் பார்த்தார். நீளநீளமாகக் கீறல்கள். தன் கையையே இப்படிக் கிழித்துக்கொள்கிற மனுஷன் அடுத்தவன் கழுத்தை என்ன செய்வான்?

“கத்தியை எங்க வச்சிருக்காங்க?” என்று வெள்ளைக் கோட்டுக்காரர் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து தேடியது அடுத்த இடி.

“கை... கையில என்ன காயம்?”

“இதுவா? நேத்து ஒருத்தன் கடிச்சுட்டான்.”

“கடிச்சுட்டானா! அப்புறம்?”

“வாயைக் கட்டிட்டுத்தான் மிச்சத்தை எடுத்தேன்.”

வரவேற்பாளர் கதவைப் பார்த்தார். நாளைக்கு முதலாளி வருவது நினைவுக்கு வந்து, நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கூட யாரும் வரலையா?”

“எ... எதுக்கு?”

“காலைப் பிடிச்சுக்கத்தான். பரவாயில்ல. நீங்க நல்ல மாதிரியாத் தெரியறீங்க.”

வெந்நீரில் நனைந்த பிரஷ் முகத்தில் இறங்கியது. அந்தப் பயத்திலும் அது சுகமாக இருந்தது. நுரை கொழுகொழுவென்று எழுந்தது. எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் ஒரு கை தாடையைக் கிடுக்கிப்பிடி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி கத்தி பளபளத்தது.

“ஷ்ஷ்... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நடுங்கக் கூடாது. அவ்வளவுதான், அவ்வளவுதான்.”

வரவேற்பாளருக்கு மனைவி முகம் தெரிந்தது. மைத்துனன் முகமும் தெரிந்தது. இந்த நேரத்தில் அவன் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. கத்தி தொண்டைக் குமிழைத் தாண்டும்போது, எலி இருந்தாலும் பரவாயில்லை, அடித்தளத்துக்கே போய்விடுகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

“எப்பக் கடைசியா சாப்பிட்டீங்க?”

“ம... மத்தியானம்.”

“தண்ணி நல்லாக் குடிக்கறீங்களா? மூக்கு வறண்டு இருக்கே.”

செத்தோம் என்று கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஏதோ குளிர்ந்த மருந்து பரவிக்கொண்டிருந்தது. எதிரே கண்ணாடியில் ஒரு முகம். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், நீலம் போய், சிவப்புகூடப் பாதி தணிந்து, அவருடைய சொந்த முகம்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஐயா! உங்க கை ராசியான கை. இனிமே வாரா வாரம் உங்ககிட்டதான்!”

“வாரா வாரம் வேணாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை போதும். பிரஷ் காசை மட்டும் மேசையில வச்சுட்டுப் போங்க.” அவர் வரவேற்பாளரின் தலையைத் தடவிக்கொடுத்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. சமர்த்தா இருந்தீங்க.”

சமர்த்து என்று அவரை யாரும் பாராட்டி வெகு காலம் ஆகிவிட்டது. நெகிழ்ந்துபோய் வாங்கிக் கடித்தார். இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. ஆனாலும் நன்றியோடு மென்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு, பச்சை உடுப்பு அணிந்த ஒரு பெண் மூச்சிரைக்க எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், கடைக்காரர் டீ குடிச்சுட்டு வர்றவரைக்கும் இங்கயே காத்துக்கிட்டு இருக்கீங்களா? பக்கத்துல கிளினிக் பூரா உங்களைத் தேடறேன். சீக்கிரம் வாங்க, அடுத்தது பூனை. இவரை மாதிரி சாது இல்ல, பிறாண்டும்!”